நீங்கள் சொன்ன ‘கிரைப்’

றிப்தியின் வாப்பா,

நான் வேலைக்குப் போகிறேன். சோறும் மீனாணமும் குசினியில் மூடி வைத்திருக்கிறேன். நான் வர முன்னம் நீங்கள் கப்பலுக்குப் போய்விடுவீர்கள். சாவியைப் பக்கத்து வீட்டுக் கஜந்தியிடம் கொடுங்கள்.

“வீட்டுக்கு வந்தா உன்ட கிரைப்தான்” என்று ராத்திரி ஏசினீர்கள். அந்த இங்கிலீஷ் சொல்லை அகராதியில் பார்த்தேன். ஆதியில் இறுக்கிப் பிடிப்பதாம். பிறகு வயிற்றுக்குத்து; றிப்திக்குப் பருக்கிய கிரைப் வாட்டர் அதுதான். சின்னச் சின்ன முறைப்பாடு என்ற கருத்து கடைசியில்தான் வந்ததாம். கப்பலில் படகை அசையாமல் கட்டுகிற கயிற்றுக்கும் அதே பேராம். உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

சுஹைரா

குசினிப் பைப் இன்னும் ஒழுகுகிறது. பைப் பாஸைக் கூப்பிட்டால் உடனே திருத்திவிடுவார். நான்தான் கூப்பிடவில்லை. அதுவும் சரியாகிவிட்டால், நடுக்கடலில் இருக்கிற உங்களுக்குக் கோல் எடுத்துப் பேச எனக்கு என்ன சாட்டு?