இருட்கூடத்தில் அமர்ந்திருக்கும் கடுகு

கல் நிலைக்க! கூரை தாங்க! ஏற்றிய விளக்கு ஏற்றியபடி எரிய!

கைப்பேசித் திரைக்குள்ளே கட்டைமேல் கட்டை அடுக்கி எழுப்பப்பெற்ற எண்மூலை நாட்டின் முடியுடைத் தலைவியும், மூன்று மலை குடைந்தவரும், கடல் நடுவே கண்ணாடி மாடம் கண்டவரும், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வின் பொருட்டுத் தம் கைப்பேசியைத் தாயாரிடம் ஒப்புவித்து இவ்விளையாட்டை நீங்கியிருப்பவருமான மாதேவி நிறைமொழியார் திருமுன்பு ஓலைநாயகம் பூரணவல்லி எழுதி விடுப்பது. எழுதி முடித்த தேர்வுகள் யாவும் நன்றாக அமைந்திருக்க. இங்கு யாவரும் நலம் என்று எழுதவே கை விரும்புகிறது. நலமில்லை, தேவி.

தேவியார் நாடு நீங்கிய அன்று நிலவறைப் பெருங்கூடத்தில் நின்றதும், தம் நாய் கடுகை அங்கேயே அமரப் பணித்ததும் நாடறியும். அமரச் சொன்னவர் வந்து எழுப்பினாலன்றி அது எழாது என்பது இவ்வுலகின் விதி. மாண்ட மாந்தர் தத்தம் படுக்கையில் மீண்டும் விழிப்பர். மாண்ட நாய் மீளாது என்பதும் விதியே.

அந்தக் கூடம் எப்போதும் அழுது வடியும். கரிக்கல் சுவர், தாழ்ந்த கூரை, கண்ட இடத்தில் செருகிய தீப்பந்தங்கள். தேவியார் திரும்பும் நாளில் கண்ணுக்கு விருந்தாக இருக்கட்டுமென்று அலங்கார அமைச்சர் ஆனைமுத்தர் அதைப் புதுப்பிக்க முற்பட்டார். இளஞ்செங்கல் சுவர், கொடித் திரைகள், நீலக்கண்ணாடி விளக்குகள் என்று அவர் வரைந்து காட்டியபோது நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். ஆகையால் பழியில் எங்களுக்கும் பங்குண்டு. பழைய பந்தங்கள் முகத்தில் மருக்கள்போல் இருக்கின்றன என்றும், அவற்றை ஒழித்த பின்னரே புதியவை மாட்டத்தகும் என்றும் அவர் மொழிந்து, இருபத்திரண்டையும் ஒரே மூச்சில் பிடுங்கி எறிந்தார். இருளில்தான் ஆளைக் கொல்லும் இருளுருக்கள் முளைக்கும், ஒளியை அண்டா என்பதை இந்நாட்டில் அறியாதார் இல்லை. ஆனால் அழகு பார்க்கும் ஆர்வத்தில் அமைச்சர் தம் திரையின் வெளிச்சத்தைக் கடைசிவரை கூட்டி வைத்திருந்தார். கூடம் இருண்டுபோனதே அவருக்குத் தெரியவில்லை! பட்டப்பகல்போல் தெரிந்த அந்த அறையில் செங்கல் நிறத்தை ஒப்பிட்டுக்கொண்டு நின்றவருக்கு முதுகுக்குப் பின்னால் உறுமல் கேட்டது.

அன்று அவர் மூன்று முறை மாண்டார். மூன்று முறையும் படுக்கையில் விழித்தெழுந்து வெறுங்கையோடு ஓடினார். நீல விளக்குப் பை முதற்சாவிலேயே உள்ளே விழுந்துவிட்டது. புதிய பந்தங்கள் செய்து சென்றால் ஒன்றை ஊன்றுமுன் நான்கு உருக்கள் சூழ்ந்தன. கூரையைத் திறந்து வெயிலை விடலாமென்றாலோ மேலே முழுதும் மணல். திறந்தால் சரிந்து கடுகின்மேல்தான் விழும். படைத்தலைவி இளவஞ்சி வாளோடு புகுந்தார். அவர் வீசிய வீச்சில் இரண்டு உருக்கள் வீழ்ந்தன. அதே வீச்சின் ஓரம் கடுகின்மேலும் பட்டது. அது கத்திய ஒலியைக் கேட்டபின் இளவஞ்சி வாளைத் தொடவில்லை. கடுகுக்கு இப்போது பாதி உயிரே மிச்சம்.

ஆனைமுத்தர் கூடத்தின் வாயிற்கதவை அடைத்து, அதன் புறத்தே காவல் நின்றார். உள்ளே கால்கள் உரசும் ஒலி கேட்கும்போதெல்லாம் கதவிடுக்கில் கடுகைப் பார்த்துக்கொண்டார். அவர் சோற்றுக்கும் எழாமல் இருப்பதைக் கண்டு, காய்ச்சலோ என்று வீட்டார் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்களாம். விளையாட்டுதானே என்று யாரோ ஆறுதல் சொன்னதற்கு, அந்த நாய் தேவியாரிடம் வந்து நான்கு ஆண்டு ஆயிற்று என்று மட்டும் விடையிறுத்தார். ஆள் நிற்கும்வரை உருக்கள் கதவையே மொய்க்கும், தாம் நகர்ந்தால் கடுகின்மேல் திரும்பும் என்பது அவருடைய அச்சம். எல்லாரும் உண்ணப் போனாலும் அவர் போகவில்லை; உறங்கும்போதும் கைப்பேசியை அணைக்கவில்லை.

நேற்று அவர் வீட்டில் மின்சாரம் போய், இணையம் அறுந்தது. எங்களில் வேறு எவரும் அப்போது நாட்டில் இல்லை. ஒரு மணி கழித்து அலறியடித்துத் திரும்பியவர் கதவிடுக்கில் பார்த்தபோது, உருக்கள் விட்ட இடத்திலேயே நின்றன. ஓர் அடிகூட நகரவில்லை. அப்போதுதான் உண்மை விளங்கியது. மனிதர் இருக்கும்வரைதான் இவ்வுலகில் பொழுது ஓடும். எவரும் இல்லையெனில் எல்லாம் உறைந்து நிற்கும். இத்தனை நாளும் அவர் காத்த காவலே அவ்வுருக்களை நடக்கவிட்டிருக்கிறது. இதை எங்களிடம் உரைத்தபோது அவர் அழுதார் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

ஆகவே குடிகள் அனைவரும் இன்றே வெளியேறுக என்று முரசறையப்பட்டது. வயலில் பாதி அறுத்தவர் பாதியில் விட்டுப் போயினர். ஆனைமுத்தர் கடைசியாக நின்றார். கடுகைத் தனியே விட்டு ஓடுவதாகத் தோன்றுகிறதே என்று அவர் கேட்டார். வெளியேறுமுன் ஒருமுறை பார்த்திருக்கிறார். ஓர் உரு கடுகுக்கு இரண்டு கட்டைத் தொலைவில் கையை ஓங்கியபடி இருந்ததாம்.

இளவஞ்சி தேவியாரின் வகுப்புத் தோழியாதலின், கடைசித் தேர்வு முடிந்து தேர்வறை வாயிலில் தாங்கள் வெளிவரும் வேளையில் இவ்வோலையைக் கையில் கொடுப்பார். அதற்கு ஒரு நாள் முன்பும் கொடுக்கலாகாது.

தேவி, நாட்டுக்குள் நுழைந்ததும் தாங்கள் விட்டுச் சென்ற அதே இடத்தில், கடுகின் அருகிலேயே கண் விழிப்பீர்கள். அக்கணமே பொழுது ஓடத் தொடங்கும். தாங்கள் நீங்கியபோது கையில் இருந்தது கடுகுக்கான இறைச்சித் துண்டு. பந்தம் பையின் மூன்றாம் அறையில் உள்ளது. இறைச்சியை எறிந்துவிடுக. முதலில் காலடியில் பந்தத்தை ஊன்றுக. அதன் பின்னரே கடுகை எழுப்புக. பிறகு வாயிலை நோக்கி ஓடுக, திரும்பிப் பாரற்க. தங்களுக்கு ஆணையிட எமக்கு உரிமையில்லை. ஆயினும் ஆனைமுத்தர் இதை ஆணையாகவே எழுதச் சொன்னார். தமக்குரிய தண்டனையை அதன்பின் கேட்டுப் பெற்றுக்கொள்வாராம்.

ஆனைமுத்தர் சொற்படி பூரணவல்லி கையெழுத்து. அரச முத்திரை நாட்டுக்குள் இருப்பதால், அதை எடுக்க ஒருவரும் உள்ளே செல்லாமல், முத்திரையின்றியே இவ்வோலை விடுக்கப்பட்டது.