வீடு நிறைய ஆள்

அன்பு மகள் மாரிசெல்விக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகமாயிருக்கிறோம், அம்மாவின் முழங்கால் வலி மட்டும் மாடிப்படியைக் கண்டால் வருகிறது, டிவி போட்டால் போய்விடுகிறது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் கவினும் சுகமாயிருக்க வேண்டும். போன வாரம் போனில் கேட்டாயே, ஆடித்தபசுக்கு வரும்போது வீடு நிறைய ஆள் இருப்பார்களே, கவினைப் பற்றி எனக்கென்ன கவலை என்று. பதில் சொல்வதற்குள் அம்மா போனைப் பிடுங்கி முறுக்குக்கு எள் போடவா ஓமம் போடவா என்று ஆரம்பித்துவிட்டாள், அதனால் எழுதுகிறேன்.

பின்வீட்டில் குடியிருக்கும் பூமாரி, தறி நெய்யக் கூலிக்குப் போகிறவள், உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை உன் அத்தை பேத்திக்கு நம் வீட்டில் காதுகுத்து. பூமாரி தன் ஒன்றரை வயது மகனை, எல்லாரும் இருக்கீகல்லா, பாத்துக்கிடுங்க என்று விட்டுப் போனாள். எல்லாரும் இருந்தோம், அதுதான் ஆபத்தாகிவிட்டது. அன்றைக்குத்தான் குழாயில் தண்ணீர் வந்தது, வந்தால் விடுவோமா, அண்டா, வாளி, எண்ணெய் டப்பா வரை நிரப்பி முற்றத்தில் வைத்திருந்தோம். பந்தியில் அப்பளம் நொறுங்கியிருக்கிறதென்று வழக்கு நடந்துகொண்டிருந்தபோது கைகழுவப் போன அம்மா அலறினாள். பிள்ளை வாளிக்குள் தலைகீழாகக் கிடந்தான், கால் இரண்டும் வெளியே. தூக்கியதும் இருமினான், தண்ணீரைக் கக்கினான், பிறகுதான் அழுதான். ஆஸ்பத்திரியில் ஒருநாள் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள், இப்போது என் மூக்குக்கண்ணாடியைக் கடித்துக்கொண்டிருக்கிறான்.

அப்புறம் விசாரணை நடந்தது. உன் சித்தப்பா மூக்காண்டி, அண்ணாச்சி வாசல்ல இருந்தாவ, அவுக பாத்துக்கிடுவாவன்னு நெனச்சேன் என்றான். அந்த அண்ணாச்சி நான்தான். நான் உன் அத்தையைக் காட்டினேன். ஏலே, எங்கையில கரண்டி இருந்துச்சா பிள்ளை இருந்துச்சா என்று அவள் பாய்ந்தாள், ரிட்டயர்டு வாத்தியார் என்றாலும் அக்காவுக்கு நான் ஏலேதான். கடைசியில் பெத்தவளுக்கு அறிவு வேண்டாமா என்பதில் எல்லாரும் ஒற்றுமையானார்கள், அங்கே இல்லாத ஒரே ஆள் அவள்தானே. அவள் வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை, ஞாயிறு அங்கன்வாடி இல்லை, தினமும் தண்ணீர் வந்தால் யார் வாளி வாளியாகத் திறந்து வைக்கப் போகிறார்கள். இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அத்தை திருஷ்டி என்று மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டாள், விசாரணைக் குழு மொத்தமும் இருமிக்கொண்டே தெருவுக்கு ஓடியது.

வகுப்பில் யாராவது போர்டைத் துடையுங்கள் என்றால் ஒருவனும் அசைய மாட்டான், சுடலைமணி துடை என்றால் முனகிக்கொண்டாவது துடைப்பான். பிள்ளை பார்ப்பதும் அப்படித்தான் மக்கா. இப்போது பூமாரி என் பெயரைச் சொல்லித்தான் பிள்ளையை விட்டுப் போகிறாள், தண்ணீர்ப் பாத்திரம் எல்லாவற்றுக்கும் மூடி போட்டாயிற்று.

கோமதியம்மன் உங்கள் மூவரையும் காக்கட்டும். கொசு அதிகம், கவினுக்கு முழுக்கைச் சட்டை எடுத்து வை. இன்றைக்கே ஒன்று செய்து பார். குளிக்கப் போகும்போது, பிள்ளையைப் பாத்துக்கோங்க என்று பொதுவாகச் சொல்லாதே, மாப்பிள்ளை கையில் கொடுத்து, நான் பாத்துக்கிடுதேன் என்று அவர் வாயால் சொன்ன பிறகு கதவைச் சாத்து.

உன் அப்பா,
சௌந்தரபாண்டியன்
சங்கரன்கோவில்