அப்பா கைவிடாத சிகரெட்

செவ்வாய், இரவு

அம்மாவின் விரல்களை வீங்க வைக்கும் முடக்குவாதத்தைப் பற்றி நூலகத்தில் வாசித்து வந்து, அப்பாவுக்கு நான்தான் விளக்கினேன். மரபணு மாறாமலே அதன் மேல் ஒட்டியிருக்கும் வேதிக்குறிகள் மாறலாம். அடங்கிக் கிடந்த மரபணு வேலை செய்யத் தொடங்கலாம். சிகரெட் புகையும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். "இனித் தொடமாட்டன், டொக்டரம்மா" என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

இன்று ரியூசன் முடிந்து வரும்போது, துறைமுக மதிலோரம் நின்று புகைத்துக்கொண்டிருந்தார். அவர் என்னைக் கவனிக்கவில்லை. நான் சைக்கிளைத் திருப்பிவிட்டேன்.

குசினிக்குள் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்.

"தெரியும், பிள்ளை. அந்த மனுசனுக்கு விட ஏலாது."

"அப்ப ஏனம்மா எனக்குச் சொல்லேல்ல?"

"நீ எவ்வளவு ஆசையாப் படிச்சுப்போட்டு வந்து சொன்னனீ. உனக்குச் சிகரெட் மணக்கக்கூடாதெண்டு, அவர் வாயில போட்டுச் சப்ப நான்தான் ஏலக்காய் உடைச்சு அவற்ற பொக்கெற்றுக்க போட்டு விடுறனான்."

அந்த விரல்களால் என் தலைமுடியைப் பின்னிவிட முடியாமல் போய் எவ்வளவோ நாளாகிவிட்டது. நோகுமென்று நானும் கேட்பதில்லை. ஏலக்காய் உடைக்க மட்டும் முடிந்திருக்கிறது.