பத்தியக் கஞ்சி யாருக்கு

ரூபி அப்பாவுக்கு,

நான் விதுராவில் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். முட்டையிடும் கோழி ஒன்று தருவதாகச் சொல்லியிருக்கிறான். சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

ரூபிக்கு மணல்வாரி அம்மை இறங்கி ஒரு மாதம் ஆகிவிட்டது. உங்கள் அக்கா இன்னும் பத்தியம் என்று சொல்லி வெறும் கஞ்சியையே ஊற்றுகிறார். பிள்ளைக்கு மறுபடியும் காய்ச்சல், மறுபடியும் இருமல். நேற்று டாக்டர் என்னைத்தான் ஏசினார். "மருந்து மட்டும் போராது. பிள்ளை எலும்பும் தோலுமா கெடக்கு. சரீரத்துல பலம் இல்லேன்னா நோயை எதைக் கொண்டு எதிர்க்கும்? மீனும் முட்டையும் கொடு."

அந்தப் பிள்ளையின் கண் முன்னால்தான் நீங்கள் தினமும் வறுத்த சாளை மீனோடு இரண்டாம் தடவை சோறு வாங்குகிறீர்கள். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்க மட்டும் உங்களுக்கு வாய் வராது.

மீன் குழம்பையும் அவித்த முட்டையையும் அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். சாவி ரூபியின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. மத்தியானம் சாலைக் கடையிலிருந்து வந்ததும், அக்கா ஜெபக்கூட்டத்துக்குப் போன பிறகு, நீங்களே முள் எடுத்து ஊட்டுங்கள். அக்கா கேட்டால் எல்லாவற்றையும் நான் தின்றுவிட்டுப் போனதாகச் சொல்லுங்கள். ஏச்சு எனக்கு இருக்கட்டும்.

தாசம்மாள்

மறந்துவிட்டேன்: உங்கள் பிடரிக் கட்டி ஏன் ஆறவில்லை என்றும் டாக்டரிடம் கேட்டேன். உடம்பு அளவுக்கு மீறிப் பெருத்தாலும் நோயை எதிர்க்கும் சக்தி குறையுமாம். கஞ்சி அடுப்பில் மூடியிருக்கிறது. அது உங்களுக்கு.