ஈரக்கூடை

மேல் லைன், பிரிஞ்சாங்
3 ஜூன் 2024

டேய் திருச்செல்வம்,

பெரிய ஆசிரியராயிட்ட, இந்தக் கடுதாசியைச் செவப்பு மையில சுழிக்காத. நான் மூணாங்கிளாஸ்தான், உனக்கே தெரியும். போன்ல பேசலாம்தான். லைன் வீட்டுல எல்லாருக்கும் ஒரே சுவரு, இங்கிட்டுத் தும்மினா அங்கிட்டுக் கேக்கும் லா. இது என் வீட்டுக்காரி அம்மாக்கண்ணுக்குக் கேக்கக்கூடாத சேதி.

அவளுக்கு ரொம்ப முடியல. வீட்டுலயே வச்சுப் பாத்துக்கன்னுட்டாரு டாக்டர்.

நாப்பது வருசமா உன்னை எங்க வாசப்படி ஏறவிடலியே அவ, அதைப் பத்தித்தான் எழுதுறேன். தேயிலைக் கொழுந்துல தண்ணி தெளிச்சு அவ கனத்தைக் கூட்டுறதா நான் சொன்னேன். நீ 'ஈரக்கூடை அம்மாக்கண்ணு'ன்னு பேப்பர்ல எழுதிட்ட. ரேடியோவுக்குப் போன, அங்கயும் அவளைக் கூட்டிட்டுப் போன. டிவி நாடகத்துலயும் அவதான். இப்ப போன்ல படிக்கிற பத்திரிகைக்கு ஆசிரியர், அதுலயும் அவ. நீ வேலை மாற மாற அவளுக்கும் வேலை மாறிச்சு, சம்பளம்தான் இல்ல.

இங்க நிறுவையில கணக்கெழுதுற கிராணி அவ கொழுந்தை மட்டும் பிழிஞ்சு பாப்பாரு. எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிச்சேன்.

அவ ஒருநாளும் தண்ணி தெளிச்சதில்லடா. உன்னைச் சிரிக்கவைக்க நான் கட்டிவிட்டது. நீயே கட்டி எழுதினதா நெனச்சு இன்னிக்கும் உன்னைத்தான் திட்டுறா. நானும் வாயைத் தொறக்கல.

பேப்பர்காரங்க திருத்தம் போடுவீங்கல்ல, ஒண்ணு போடு.

உன் சிரிப்புக்குச் சரக்கு குடுத்த
ஆண்டியப்பன்


கோலாலம்பூர்
9 ஜூன் 2024

அன்புள்ள ஆண்டி,

எதையும் சுழிக்கவில்லை. இரண்டு நாள் அலுவலகத்துக்கே போகவில்லை.

என்னிடம் வேலை செய்கிற பிள்ளைகளிடம் "சம்பந்தப்பட்டவங்ககிட்ட கேட்டியா?" என்று தினமும் கத்துகிறேன். நான் ஒருநாள் மலையேறி வந்து தங்கச்சியிடம் கேட்டிருக்கலாம். எனக்குச் சிரிப்பு வந்தது, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

திருத்தம் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அதை அவள் பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. முதலில் உன் வாயால் கேட்கட்டும். சொல்லிவிட்டேன் என்று ஒரு வரி எழுது, மறுநாளே வெளியிடுகிறேன். நானும் வருகிறேன். உள்ளே விடாவிட்டால் வாசலில் நிற்கிறேன்.

தள்ளிப்போடாதே.

உன் செல்வம்


மேல் லைன்
27 ஜூன் 2024

செல்வம்,

சொல்லல.

தினம் கஞ்சி ஊட்டும்போது சொல்லத்தான் வாயைத் தொறப்பேன், கேலிதான் வரும். "துரையம்மாவுக்கு ஸ்பூன் போதுமா, அகப்பை கொண்டாரட்டா?"ன்னு. அவ சிரிப்பா, இருமுவா. சரி, நாளைக்குன்னு விட்டுடுவேன்.

ஞாயித்துக்கிழமை அவளே கூப்பிட்டா. "உங்க கூட்டாளியை வரச்சொல்லி எழுதுங்க. நான் அவரை மன்னிச்சிட்டேன்"னா. அப்பக்கூட நான் தலையைத்தான்டா ஆட்டினேன்.

திங்கக்கிழமை போயிட்டா.

தூக்கிட்டுப் போறப்ப ரோட்டுல ஒருத்தன் லோரியை நிறுத்தி, "யாரு தவறிட்டா?"ன்னு கேட்டான். "ஈரக்கூடை"ன்னாங்க.

நீ வா. அவ வரச்சொல்லிட்டா, இனிமே வாசப்படி ஏறலாம்.

திருத்தத்துல உன் தப்புன்னுதான் எழுதியிருப்ப, உன்னை எனக்குத் தெரியாதா. அதை அடிச்சிடு. பொய் சொன்னவன் புருசன் ஆண்டியப்பன்னு போடு. அவ கூடை மழையில மட்டும்தான் நனைஞ்சுச்சுன்னு கடைசி வரியில போடு.

ஆண்டியப்பன்