பூங்கொடியின் பெயருக்கு நான் சொன்ன பதில்

அம்முலு,

22 ஜனவரி 2005, சனி

பனி. ஏழு மணிக்கும் மலை தெரியவில்லை. அடி அண்ணாமலையிலிருந்து ஒரு பஸ், டவுனில் இறங்கி வேங்கிக்கால் காலேஜுக்கு இன்னொரு பஸ். கையில் அங்கிருந்து உன் பெயருக்கு வந்த கார்டு. நீயும் சாந்தியும் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தீர்களே, கம்ப்யூட்டரில் வலைப்பக்கம் எழுதும் சனிக்கிழமை வகுப்பு, அது இன்று தொடக்கம் என்று.

பெண் இறந்துவிட்டாள், பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொல்லத்தான் போனேன். வேறு எண்ணம் இல்லை. சத்தியமாக.

ஆபீசில் ஆள் இல்லை. மாடிக்கு அனுப்பினார்கள். செருப்பை வெளியே விட வேண்டும். உள்ளே குளிர். இருபது பெண்கள் இருப்பார்கள், இரண்டு மூன்று பேர் கல்யாணம் ஆனவர்கள். சின்ன வயசு மேடம் ஒருவர் ரிஜிஸ்டரைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசலில் நின்றேன்.

"எம். பூங்கொடி."

யாரும் பேசவில்லை.

"பூங்கொடி வரலையா?"

உன் பெயருக்கு நேரே கோடு போடப் பேனாவை வைத்தார்.

"உள்ளேன்" என்றேன்.

ஏழாம் வகுப்போடு விட்ட சொல். எங்கிருந்து வந்தது தெரியவில்லை.

"நீங்களாம்மா பூங்கொடி?"

"ஆமாங்க."

"அப்ப ஏன் வாசல்லயே நிக்கிறீங்க? உள்ள வாங்க. பதினேழாவது மெஷின்."

போய் உட்கார்ந்துவிட்டேன்.

சாந்தி வரவில்லை. அவளுக்கு அம்மை, வாசலில் வேப்பிலை. அவள் வந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.


23 ஜனவரி, ஞாயிறு

துணி துவைத்தேன். கேழ்வரகு காய வைத்தேன். மதியம் சாப்பிடவில்லை.

என்ன காரியம் செய்தேன். செத்த பிள்ளையின் பெயருக்கு உள்ளேன் என்கிற தாய் ஊரில் உண்டா? அடுத்த சனிக்கிழமை போய்ச் சொல்லிவிட வேண்டும். அல்லது போகாமலே இருந்துவிடலாம். போகாவிட்டால் அவர்களே பெயரை எடுத்துவிடுவார்கள். அதுதான் சுலபம்.


25 ஜனவரி, செவ்வாய்

தைப்பூசம், பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் மூன்று மணிக்கே ஆரம்பம். பாதையில் வழக்கமான இடத்தில் சாக்கு விரித்தேன். அவித்த மல்லாட்டை இரண்டு குண்டான். வெளியூர்க்காரர்கள் வேர்க்கடலை என்று கேட்டு வாங்கினார்கள். தண்ணீர் பாக்கெட் இல்லை, தனியாளாகத் தூக்க முடியவில்லை.

இதை எழுதிவிடுகிறேன். யாருக்கும் சொன்னதில்லை.

ஐப்பசி பௌர்ணமி அன்று நீ தலை வலிக்கிறது, உடம்பு கொதிக்கிறது என்றாய். நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "காலேஜில பேரு குடுத்துட்டு வந்ததும் மல்லாட்டை விக்க வெக்கமாப் போச்சாடி உனக்கு? கூடப் படிக்கப் போறவளுங்க யாராவது பாத்துடுவாங்கன்னு நடிக்கிறியா?" என்றேன். பக்கத்தில் கற்பூரம் விற்கிறவள் சிரித்தாள். நீ எழுந்து வந்து உட்கார்ந்தாய். ஏழு மணி நேரம். நடுவில் ஒரு தடவை எழுந்து போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தாய். அதையும் பார்த்தேன். கடையைக் கட்டவில்லை.

நான்காம் நாள் பெரிய ஆஸ்பத்திரி. மூளைக் காய்ச்சல் என்றார்கள். ஆறாம் நாள் நீ இல்லை.

இன்று வியாபாரம் நன்றாக நடந்தது. அதுவும் வெட்கமாக இருந்தது.


29 ஜனவரி, சனி

போனேன். சொல்லவில்லை. "உள்ளேன்" மட்டும் சொன்னேன்.

பக்கத்து மெஷின் ரெஹானா. கீழ்பென்னாத்தூர். ஓயாத வாய். என்னைப் பூங்கொடிக்கா என்கிறாள். ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் குத்துகிறது, திரும்பிப் பார்க்கவும் செய்கிறேன்.

இன்று பாடம்:
– டேக் என்கிற குறி, முனை வைத்த இரண்டு அடைப்புக்குள் எழுதுவது. ஷிப்டை அமுக்கிக்கொண்டு அடிக்க வேண்டும்.
– எல்லாம் சின்ன எழுத்து. எனக்கு இங்கிலீஷில் பெரிய எழுத்துதான் தெரியும்.
– பக்கத்துக்குத் தலை தனி, உடம்பு தனி.
– திறந்ததை எல்லாம் மூட வேண்டும். உள்ளே திறந்ததை முதலில்.

"எங்க வூட்ல கதவையே மூட மாட்டாங்க மேடம், இதை எங்க மூடுறது" என்றாள் ரெஹானா. எல்லாரும் சிரித்தார்கள். நானும். மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு. உடனே வாயைப் பொத்திக்கொண்டேன்.

வேறு மெஷின்களில் படம் இழுத்து வைத்தாலே பக்கம் தயாராகிவிடுமாம். அது வேண்டாம், ஒவ்வொரு எழுத்தும் கையால் அடித்துப் பழகுங்கள் என்கிறார் மேடம். "திரையில பாக்க அழகா இருந்தாப் போதாதுங்க. உள்ள எழுதுனதும் முறைப்படி இருக்கணும். கண்ணு தெரியாதவங்களுக்குக் கம்ப்யூட்டர் படிச்சுக் காட்டும், அதுக்கும் புரியணும்." எழுதியதைச் சோதிக்க நெட்டில் ஓர் இடம் இருக்கிறது. சரியென்றால் பச்சைப் பட்டை. தப்பென்றால் சிவப்பு, எந்த வரியில் தப்பு என்றும் சொல்லிவிடும்.

என்னை அங்கே வைத்தால் முதல் வரியிலேயே சிவப்பு.


2 பிப்ரவரி, புதன்

மாதக் காலண்டரின் ஜனவரித் தாளைக் கிழித்து, பின்பக்கம் கீபோர்டு வரைந்தேன். ரெஹானா எழுதிக் கொடுத்த வரிசைப்படி. அடுப்படியில் ஒட்டி வைத்து, குழம்பு கொதிக்கும்போது விரல் வைத்துப் பழகுகிறேன். எம் எங்கே என்று தேடாமல் வருகிறது.

சந்தோஷமாக இருக்கிறது. அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. நீ உட்கார வேண்டிய நாற்காலி.


5 பிப்ரவரி, சனி

வெயில் ஏறிவிட்டது. பஸ்ஸில் கூட்டம் ஜாஸ்தி.

ஆளுக்கு ஒரு பக்கம் செய்ய வேண்டும். மூன்று பகுதி: நான் யார், என் ஊர், என் குடும்பம். தமிழில் அடித்தால் முதலில் கட்டம் கட்டமாகத்தான் வந்தது. தலைப் பகுதியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார் மேடம். சேர்த்ததும் கட்டமெல்லாம் எழுத்தாக மாறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ரெஹானா பார்த்துவிட்டாள். "ஏசி காத்து ஒத்துக்கலியாக்கா?"

நான் அடித்தது:
என் பெயர் பூங்கொடி.
வயது...

வயதில் நின்றுவிட்டேன். அதை விட்டு ஊருக்குப் போனேன். ஊர் சுலபம். கிரிவலப் பாதை, மல்லாட்டைக் கொல்லை, பால் சொசைட்டி.

பிறகு குடும்பம். என் அம்மா மல்லாட்டை விற்கிறார். அடுத்த வரி? என்னைப் பற்றி நீ என்ன எழுதியிருப்பாய்? "என் அம்மா என்னை நன்றாகப் பார்த்துக்கொள்வார்" என்று அடித்தேன். கொஞ்ச நேரம் திரையில் இருந்தது. ஓர் எழுத்து ஓர் எழுத்தாக அழித்தேன்.


12 பிப்ரவரி, சனி

உன் பிறந்தநாள். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். வீட்டில் இருக்க முடியாமல் போனேன்.

பெயர் கூப்பிட்டு முடித்ததும் மேடம் சிரித்தார். "இன்னைக்கு நம்ம பூங்கொடிக்குப் பொறந்தநாள்." ரிஜிஸ்டரில் இருந்திருக்கிறது. எனக்கு அது தோன்றவே இல்லை.

"யக்கா, சொல்லவே இல்ல பாத்தியா! பார்ட்டி எங்க?" ரெஹானா.

"ஆனா ஆபீஸ்ல தப்பா ஏத்தி வச்சிருக்காங்க பூங்கொடி. எண்பத்தாறுன்னு இருக்கு. அறுபத்தெட்டா?"

"ஆமாங்க" என்றேன்.

மேடம் அடித்துத் திருத்தினார். என் கண்ணெதிரே. நீ பிறந்த வருஷத்தை.

எல்லாரும் கை தட்டிப் பாடினார்கள். ரெஹானா ஒரு சாக்லேட்டைப் பிரித்து வாயில் வைத்தாள். துப்பவும் முடியவில்லை. தின்றேன் அம்முலு. உனக்குப் படைக்க வேண்டிய நாளில் உன் பெயருக்கு வந்த இனிப்பை நான் தின்றேன்.

டவுனில் பஸ் மாற இறங்கியவள் ஏறாமல், ஊர் வரை நடந்தே வந்தேன்.


19 பிப்ரவரி, சனி

சாந்தி வந்துவிட்டாள்.

அவளுக்குத் தண்ணீர் ஊற்றியதும் அவள் தம்பிக்கு அம்மை போட்டதில் இத்தனை நாள் வரவில்லை. முகமெல்லாம் தழும்பு. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்ததை நான் பார்க்கவே இல்லை. மேடம் உன் பெயரைக் கூப்பிட்டார். உள்ளேன் என்றேன். பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம்.

"அத்தை?"

எல்லாரும் திரும்பினார்கள். நான் திரையைப் பார்த்தபடி இருந்தேன். மேடம், "உங்களுக்குச் சொந்தமா சாந்தி?" என்றார். அவள், "ஒரே ஊரு மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

இடைவேளையில் மாடிப்படியில் பிடித்துக்கொண்டாள்.

"என்னா அத்தை இது? யாரு பேருக்கு யாரு பதில் சொல்றது?"

"தெரியாமப் பண்ணிட்டேன் கண்ணு."

"ஒரு நாள்னா தெரியாம. அந்த ரெஹானா உங்களப் பூங்கொடிக்கான்றா, நீங்க திரும்பிப் பாக்கிறீங்க. பூங்கொடி உடம்பு முடியலன்னப்ப நம்பல. இப்ப அவளாவே ஆயிட்டீங்களா?"

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவளும் அழுதாள். "நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சொல்லிடணும் அத்தை" என்றாள்.

நீ கொதிக்கக் கொதிக்க உட்கார்ந்திருந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? நீ சொல்லியிருக்கிறாய். அப்படியென்றால் என்னைப் பற்றி அவளிடம் இன்னும் என்னென்ன சொல்லியிருப்பாய்.


21 பிப்ரவரி, திங்கள்

வகுப்பில்லாத நாளில் போனேன். மேடம் தனியாக டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முடிக்கட்டும் என்று நின்றேன். கை கழுவிவிட்டு வந்தார்.

"நான் பூங்கொடி இல்லீங்க. என் பேரு முனியம்மா. பூங்கொடி என் பொண்ணு. செத்துப் போச்சு."

நின்றபடியே எல்லாம் சொன்னேன். கார்டு, வாசல், பிறந்தநாள். ஐப்பசி பௌர்ணமியையும் சொன்னேன். அது அவருக்குத் தேவையில்லை, இருந்தாலும் சொன்னேன்.

மேடம் டிபன் பாக்ஸை மூடினார். பிறகு, "மொத நாளே சொல்லியிருக்கலாமேம்மா. பொறந்தநாள் பாட்டெல்லாம் பாட வச்சிட்டேனே உங்கள" என்றார். அவர் என்னிடம் வருத்தப்பட்டார். என்னை அறைந்திருந்தால்கூடத் தேவலை.

"நீங்க கோடு போடப் போனீங்க. பொறுக்கலீங்க."

ரிஜிஸ்டரை எடுத்தார். உன் பெயருக்கு நேரே ஐந்து டிக். "இதை நான் அடிச்சுத்தான் ஆகணும். ஆபீசுக்கும் சொல்லணும். சர்டிபிகேட் உங்களுக்கும் கிடையாது, உங்க பொண்ணு பேருக்கும் கிடையாது. புரியுதா?"

"சரிங்க."

பேனாவை எடுத்தார். நான் பார்ப்பதைக் கண்டதும் திறந்த பேனாவோடு காத்திருந்தார். "அடிங்க" என்றேன். அடித்தார். திருத்திய வருஷத்தையும் பழையபடி எண்பத்தாறு ஆக்கினார், நான் கேட்காமலே.

படி இறங்கும்போது பின்னாலேயே வந்தார். "முனியம்மா, அந்தப் பக்கம் பாதியில நிக்குது. பெயர்ப் பட்டியல்ல சேர்க்க முடியாது. ஆனா பதினேழாவது மெஷின் காலியாத்தான் இருக்கும். சனிக்கிழமை வந்து முடிச்சிடுங்க."


26 பிப்ரவரி, சனி

மேகமூட்டம். மழை இல்லை.

பதினாறாவது பெயருக்குப் பிறகு பதினெட்டாவதைக் கூப்பிட்டார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ரெஹானாவுக்குச் சாந்தி சொல்லியிருக்கிறாள். அவள் வாயே இல்லாதவள்போல இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "நான் உங்கள என்னான்னு கூப்பிடட்டும்?" என்றாள். "எப்படியோ கூப்பிடு, சாக்லேட் மட்டும் குடுக்காத" என்றேன். சிரித்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

பக்கத்தை முதலிலிருந்து மாற்றினேன். என் பெயர் பூங்கொடி என்ற வரியை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில்: பூங்கொடி என்று ஒரு பெண். அடி அண்ணாமலை. பன்னிரண்டாவது பாஸ். பொய் சொல்ல மாட்டாள். உடம்பு முடியாத நாளிலும் அம்மாவின் கடையில் உட்கார்ந்தாள், அம்மா நம்பவில்லை.

கடைசி வரியை அடிக்கும்போது கை நின்றது. சாந்தி பின்னால் இருந்தாள். "இது வேணுமா அத்தை? உலகமே பாக்குமே." பார்க்கட்டும் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர முதுகெல்லாம் கூசியது.

சோதனைக்கு அனுப்பினோம். முதலில் ஒன்பது தப்பு. எல்லாம் நான் மூடாமல் விட்டவை. பிறகு நான்கு. பிறகு ஒன்று. அந்த ஒன்றை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. மேடம் குனிந்து பார்த்தார், அவருக்குத் தெரிந்துவிட்டது, விரலைத் திரைக்குக் கொண்டுபோனார். வேண்டாங்க, நானே தேடறேன் என்றேன்.

"தேடுங்க. ஒரு மணிக்கு ரூம் பூட்டிடுவாங்க. அதுக்குள்ள கிடைக்கலன்னாலும் அப்படியே ஏத்தி விட்டுடறேன். ஆனா கீழ செஞ்சவங்க பேரு போடணும். ஒரே ஒரு பேரு. யாரு பேரு?"

சாந்தி என்னைப் பார்த்தாள். ரெஹானா கீபோர்டை என் பக்கம் நகர்த்தினாள்.

மேலே இருப்பதெல்லாம் நீ. அடித்தது நான், தப்பும் நான். உன் பெயருக்கு ஒரு தடவை கேட்காமல் பதில் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை கேட்கிறேன் அம்முலு, சிவப்பாகவே நிற்கிற இந்தப் பக்கத்தின் அடியில் உன் பெயரைப் போட்டால், பூங்கொடி, உனக்கு வெட்கமாக இருக்குமா?