பல்கனியில் கட்டிய அரிதட்டு

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
12.03.2009

அன்பு மகள் மாக்ரெட்டுக்கு,

ஆண்டவர் தயவால் நானும் அம்மாவும் இங்கே நல்ல சுகம், நீயும் சிவநேசனும் பிள்ளை அபிராமியும் அந்தக் குளிருக்குள் தடிமன் காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்கவேண்டுமென்று அந்தோனியாரிடம் மன்றாடிக்கொண்டே இதை எழுதத் தொடங்குகிறேன். உறையில் என் கையெழுத்தைக் கண்டதும் உனக்கு நெஞ்சு திக்கென்றிருக்கும். பயப்படாதே, அம்மாவுக்கு ஒன்றுமில்லை, இப்போதும் குசினிக்குள் அடுப்படியில் நின்று என்னைத்தான் ஏசிக்கொண்டிருக்கிறா. நாலு வருடமாக உனக்கு ஒரு வரி எழுதாதவன் இப்போது ஏன் எழுதுகிறான் என்று நினைப்பாய். டெலிபோனில் சொல்லலாம்தான், ஆனால் டெலிபோனைக் கையில் எடுத்தால் வைப்பதற்கு மட்டும்தான் எனக்குத் தெரியும் என்பதை நீ அறிவாய். நீயும் சைவக்காரச் சிவநேசனும் கல்யாணத்தை ரெஜிஸ்டர் பண்ணிவிட்டோம் என்று சொன்ன அன்று எனக்கு மகள் என்று ஒருத்தி இல்லை என்று எங்கள் ஒழுங்கைத் தெரு முழுக்கக் கேட்கக் கத்திவிட்டு ரிசீவரை வைத்தவன் நான். முப்பத்துநாலு வருடம் ட்ரங்க் கோல் எக்ஸ்சேஞ்சில் இருந்து ஊர் பேர் தெரியாதவர்களையெல்லாம் ஒருவரோடு ஒருவர் பொருத்திவிட்டுச் சம்பளம் வாங்கியவன் சொந்த வீட்டு லைனை அறுத்துப்போட்டேன். இந்த அழகில் ஓய்வுபெறும்போது எனக்கு ஒரு சுவர் மணிக்கூடும் தந்தார்கள்.

நீ நத்தார்ப் பண்டிகைக்கு உன் சிநேகிதியிடம் கொடுத்துவிட்ட லப்டொப் வந்து சேர்ந்ததும் நான் அதைத் தொடமாட்டேன் என்று சொல்லி, அம்மா அதை சோக்கேசுக்குள் பின்னல் துணி போட்டு மூடி மாதாவுக்குப் பக்கத்தில் வைத்தா. ஒரு கிழமைதான் அது அங்கே இருந்தது. பிறகு அம்மா வந்து, ஏழு வருடமாக நான் பிள்ளையின் முகத்தை நேரில் பார்க்கவில்லை, பேத்தி நடக்கவும் தொடங்கிவிட்டாள், இதில் பார்க்கலாமாம், உங்களுக்கு விருப்பமில்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டு எனக்கு மட்டும் இன்டர்நெட்டை இணைத்துத் தாருங்கோ என்று சொன்னா. சரி, உனக்காக மட்டும் செய்கிறேன், எனக்கு ஒருவரையும் பார்க்கத் தேவையில்லை என்றேன். அப்படிச் சொன்ன மனிதன் அம்மா பூசைக்குப் போகிற நேரமெல்லாம் நீ அம்மாவுக்கு அனுப்பிய போட்டோக்கள் இருந்த உறையை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உறை மடிப்பில் கிழிந்தது என்னால்தான், எலி என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

முதலில் டெலிபோன் வயரில் முயன்றேன். லப்டொப்பின் பக்கத்தில் ஒரு துவாரம் இருக்கிறது, டெலிபோனில் இருந்து வயரைக் கழற்றி அதில் செருகி, ஒரு இன்டர்நெட் கார்ட் வாங்கிச் சுரண்டி அதிலிருந்த நம்பரை அடித்தால் லப்டொப் தானே டயல் பண்ணி ஒரு கூச்சல் போடும். அந்தக் கூச்சலைக் கேட்டு, இது நம் துறை, எனக்கா சொல்லித் தரவேண்டும் என்று மீசையைத் தடவிக்கொண்டேன். இரண்டு மணித்தியாலத்தில் ஒரு பக்கத்தின் மேல்பாதி வந்தது. அதற்குள் கல்கிசையில் இருக்கிற உன் கொன்ஸ்ரன்ஸ் சின்னம்மா எத்தனையோ தரம் எடுத்து எடுத்து எங்கேஜ்ட் என்று வர, இந்த நாட்களில் ஒரு வீட்டு டெலிபோன் அப்படிக் கிடந்தால் என்ன நினைப்பார்கள், ஆட்களைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஓட்டோ பிடித்து, ஐந்து செக்பொயின்டில் இறங்கி ஏறி, அழுத கண்ணோடு வாசலில் வந்து நின்றா. நான் உயிரோடு, சாரத்தோடு, அரைப் பக்கத்துக்கு முன்னால் இருப்பதைக் கண்டு அவ பேசிய பேச்சை எழுதினால் இந்தக் கடிதத்தைத் தபாலில் எடுக்கமாட்டார்கள்.

பிறகு வயரே இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரரின் இன்டர்நெட் காற்றில் வருமென்று பேப்பரில் படித்தேன். திறந்து பார்த்தால் அக்கம்பக்கத்துப் பெயர்கள் வரிசையாக நின்றன, எல்லாவற்றிலும் ஒரு பூட்டுப் படம், ஒன்றில் மட்டும் இல்லை. அது எங்கள் அறைக்குள் வராது, மாடிப்படியில் ஏறினால் வரும். லப்டொப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி மேல்மாடி லுத்பியாவின் வாசற்படியில் போய்க் குந்திவிட்டேன். அவ கதவைத் திறந்து, என்ன அங்கிள் இங்க இருக்கிறீங்க என்று கேட்க, காற்று வாங்குகிறேன் மகள் என்றேன். பாவம், அந்தப் பெண் நாற்காலி கொண்டுவந்து போட்டு, பால் விடாத பிளேன்ரீயும் தந்து, தகப்பனுக்கு நெஞ்சில் ஒப்பரேஷன் நடந்த கதையைச் சொல்லத் தொடங்கினா. எனக்கும் ஏதோ நெஞ்சில்தான் கோளாறு என்று நினைத்துவிட்டா போல. நாற்பது நிமிடம் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன், மடியில் இருந்த லப்டொப் பற்றரி முடிந்து செத்துப்போனது.

இதற்குள் நீ ஒன்று கேட்பாய். கீழே ராசிக்கின் கொமியூனிகேஷன் கடை இருக்கிறதே, ஆறு கொம்பியூட்டர் வைத்திருக்கிறாரே, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று. கேட்டிருக்கலாம். ஆனால் அவர் யாரோடு கதைக்க என்று கேட்பார், நான் என்ன சொல்வது? அன்று நான் கத்தியபோது கடை வாசலில் நின்று முழுவதையும் கேட்டவர் அவர். நான் பிடித்த வழிகள் எல்லாம் ஒருவரிடமும் வாய் திறக்கத் தேவையில்லாத வழிகள், அதுதான் ஒவ்வொன்றும் என்னை இன்னும் ஒரு படி கோமாளியாக்கியது.

கடைசியாக டொங்கிள் என்று ஒரு விரல் அளவுச் சாமான் வாங்கினேன். சிம் போட்டு லப்டொப்பில் செருகுவது. அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு எல்லாவற்றுக்கும் கொப்பி கொடுத்துத்தான் வாங்கினேன். வீட்டுக்குள் சிக்னல் இல்லை, பல்கனிக்கு வெளியே ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் நன்றாக வருகிறது. நீளமான வயர் ஒன்று வாங்கி, உடுப்புக் காயப்போடுகிற தடியின் நுனியில் டொங்கிளைக் கட்டி, அதற்குப் பின்னால் அம்மாவின் மா அரிக்கிற அரிதட்டையும் சேர்த்துக் கட்டினேன், கம்பி வலை சிக்னலைத் திருப்பி அனுப்புமென்று என் டிப்பார்ட்மென்ட் மூளை சொன்னது. உண்மையில் அனுப்பியது! அது வேலை செய்வதற்கு அடையாளமாக நீல லைட் ஒன்று விட்டுவிட்டு எரியும். ஆனால் எங்கள் பல்கனி பார்ப்பது துறைமுகத்தை. போன மாதம்தான் கொழும்புக்கு மேலே குண்டு போடப் பிளேன் வந்ததென்று ஊரே லைட்டை அணைத்துவிட்டு இருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு தமிழன் மாலை ஏழு மணிக்குத் துறைமுகத்தைப் பார்த்துத் தடி நீட்டி, தட்டுக் கட்டி, நீல லைட் அடித்துக்கொண்டு நிற்கிறான். எனக்கு அது ஒரு நிமிடமாவது மூளையில் தட்டவில்லை மகள். அரிதட்டைக் கட்டிய பெருமைதான் மூளை முழுக்க இருந்தது.

அன்று நீ திரையில் வந்தாய். அம்மா ஐயோ ஐயோ என்று கத்தியதில் எனக்குத் தெரிந்தது. நீ அபிராமியைத் தூக்கிக் காட்டினாய், அவள் அம்மாவைப் பார்த்துக் கையைத் தட்டினாளாம். பிறகு நீ அப்பா எங்கே என்று கேட்டாய். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அவர் பல்கனியில் உடுப்புக் காயப்போடுகிறார் என்றா. இருட்டின பிறகு உடுப்புக் காயப்போடுகிற தகப்பனை நீ நம்பியிருக்கமாட்டாய். தடியை விட்டால் லைன் போய்விடும், நான் பிடித்தே ஆகவேண்டும் என்று பிறகு அம்மாவிடம் சொன்னேன். அது பொய். தடியைக் கிராதியோடு கயிறு போட்டு மூன்று முடிச்சு முடிந்திருந்தேன், பிடிக்கவே தேவையில்லை. உன் குரலைக் கேட்டதும் கால் உள்ளே வரமாட்டேன் என்றது. எட்டு அடி தூரத்தில் நீ இருந்தாய், நான் வெட்கத்தில் அரிதட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன்.

அடுத்த நாள் காலையில் இரண்டு பொலிசும் ஒரு ஆமிக்காரரும் வந்தார்கள். லப்டொப், டொங்கிள், தடி, அரிதட்டு எல்லாவற்றோடும் என்னையும் ஏற்றினார்கள். அம்மா செபமாலையைப் பிடித்துக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் ஓடி வந்தா. இந்தக் காலத்தில் அப்படிப் போன நம் ஆட்கள் எல்லோரும் பின்னேரம் வீடு திரும்பியதில்லை என்று உனக்குத் தெரியும், நானும் பயந்தேன், உன்னோடு கதைக்காமலே போய்விடுவேனோ என்றுதான் பயந்தேன். அங்கே ஒரு வயதான சார்ஜன்ட் அரிதட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதைக் கட்டி யாரோடு கதைத்தாய் என்று சிங்களத்தில் கேட்டார். பெஞ்சாதிக்காகக் கட்டினேன் என்றேன். பெஞ்சாதி யாரோடு கதைத்தாள் என்றார். கனடாவில் உள்ள ஒரு ஆளோடு என்றேன். என்ன ஆள், பெயர் என்ன, உனக்கு என்ன முறை என்று அவர் மேசையில் தட்டிக் கேட்டபோதுதான், மகே துவ, என் மகள் என்று சொன்னேன். நாலு வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல் என் வாயில் வந்தது, அதுவும் பொலிஸ் ஸ்டேஷனில், சிங்களத்தில், மேசையில் ஒருவர் தட்டிய பிறகு. சொன்னதும் நிறுத்த முடியவில்லை. உன் வயது, உன் படிப்பு, நீ சின்ன வயதில் எக்ஸ்சேஞ்சுக்கு வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஹலோ ஹலோ என்றது, நான் ரிசீவரை வைத்தது எல்லாவற்றையும் என் கந்தோர் வேலையில் பழகிய சிங்களத்தில் கொட்டிவிட்டேன். அவர் லப்டொப்பைத் திறக்கச் சொன்னார், திறந்ததும் நீ திரையில் போட்டு அனுப்பிய போட்டோவில் நீயும் அபிராமியும் நின்றீர்கள். அவர் அதைப் பார்த்துவிட்டு, அப்படியென்றால் நேற்று மகள் இதில் வந்தபோது நீ எங்கே நின்றாய் என்று கேட்டார். பல்கனியில் என்றேன். அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வைக்கு, இரண்டு நாள் உள்ளே போட்டிருந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது. பிறகு வாக்குமூலம் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார். என் மகளைப் பார்ப்பதற்காக நான் இந்த அரிதட்டைக் கட்டினேன் என்று அதில் இருக்கிறது. பின்னேரம் விட்டார்கள். லப்டொப்பும் டொங்கிளும் தடியும் தந்தார்கள், அரிதட்டை மட்டும் சாட்சிப் பொருளாக வைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே ராசிக்கின் கடைக்குள் போய், என் மகளோடு கதைக்கவேண்டும், ஒரு வழி சொல்லுங்கள் என்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நாலு வருஷமா இதுக்குத்தான் பாத்துட்டு இருந்தேன் அங்கிள் என்று சொல்லி, அடுத்த நாளே கடையில் இருந்து மாடிப்படி ஓரமாக வயர் இழுத்து எங்கள் சாப்பாட்டு மேசை வரைக்கும் கொண்டுவந்து தந்தார். அரை மணித்தியால வேலை. பல்கனிக் கதவை அம்மா பூட்டி, திறப்பைத் தன் சாவிக்கொத்தில் கோத்து வைத்திருக்கிறா.

ஆகவே வருகிற குருத்து ஞாயிறு, எங்களுக்குப் பின்னேரம் ஏழு மணி, உங்களுக்குக் காலை ஒன்பதரை, நீ சிவநேசனையும் கூட்டிக்கொண்டு வா. அவரிடமும் நான் சொல்லவேண்டிய ஒரு சொல் இருக்கிறது, அதைக் கடிதத்தில் எழுதித் தப்பிக்கொள்ள விருப்பமில்லை. அபிராமிக்குச் சப்பாத்துப் போடாமல் வெறும் நிலத்தில் நடக்க விடாதே. நீ நன்றாக மெலிந்துவிட்டாய் என்று அம்மா சொன்னா, சாப்பாட்டைக் கவனி. அம்மாவிடம் அரிதட்டைப் பற்றி மட்டும் வாய் திறக்காதே, மா அரிக்க வழியில்லாமல் இன்னும் கொதிப்பில்தான் இருக்கிறா. உங்கள் மூன்று பேரையும் ஆண்டவர் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக, என் ஆசீர் எதற்காவது உதவுமென்றால் அதுவும் உங்களுக்கே. ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள். அன்று நான் முன்னால் வந்து இருந்தும் ஒரு சொல்லும் வராமல் போகலாம், வாயைத் திறந்து திறந்து மூடலாம். லைன் பழுது என்று நினைத்துக் கொஞ்சம் பொறுத்திரு மகள், நீ வைத்துவிடாதே. இந்தப் பக்கம் இனி ஒருவரும் வைக்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
பொலிஸ் புத்தகத்தில் கையெழுத்து வைத்துச் சொன்னபடி,
உன் அப்பா
ஹியூபேட்